முதல் தடவை குரூஸ் போறீங்களா? கூட்டம் போற பக்கம் போகாதீங்க

7 நாள் குரூஸ் புக் பண்ணிட்டோம், முதல் தடவை, கட்டின காசு வீணாகாம அனுபவிக்க என்ன பண்ணணும்னு கேட்டிருக்கீங்க. நான் 4 தடவை போயிருக்கேன். முதல் தடவை கப்பல்ல இருக்கிற எல்லாத்தையும் பாத்துடணும்னு காலைல 7 மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி 12 வரைக்கும் ஓடி, எங்க போனாலும் வரிசைல நின்னு, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினதுதான் மிச்சம். அப்புறம்தான் புரிஞ்சுது, கப்பல்ங்கிறது ஒரு குட்டி ஊரு, ஆனா அந்த ஊர்ல எல்லாரும் ஒரே நேரத்துல சாப்பிடுவாங்க, ஒரே நேரத்துல குளிக்கப் போவாங்க, ஒரே நேரத்துல இறங்குவாங்க. 2024ல ஓட ஆரம்பிச்ச ஐகான் ஆஃப் தி சீஸ்ங்கிற கப்பல்ல கேபினுக்கு, அதாவது ரூமுக்கு, 2 பேர்னு கணக்குப் போட்டாலே 5,610 பேர், முழுக்க நிரம்பினா 7,600 பேர் வரைக்கும், வேலை பாக்கிறவங்க தனி. இத்தன பேரும் எந்த நேரத்துக்கு எங்க போவாங்கன்னு பாத்து வச்சுகிட்டு நாம அதுக்கு எதிர்ப்பக்கம் போனாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஏற்கனவே புக் பண்ணிட்டீங்க, ஆனா கேபின் நம்பர் இன்னும் ஒதுக்கலைன்னா டெக் பிளானை, அதாவது கப்பலோட எந்த மாடில (டெக்) என்ன இருக்குன்னு காட்டற படத்தை, ஒரு தடவை எடுத்துப் பாருங்க. உங்க கேபினுக்கு மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு பாக்கணும், இதை யாருமே பாக்கிறதில்ல. மேலயும் கீழயும் கேபின்களே இருந்தா நிம்மதி. எங்களுக்கு ஒரு தடவை நேர் மேல நீச்சல் குளம், விடியக்காலைல நாற்காலியை எல்லாம் இழுத்து இழுத்து அடுக்குவாங்க பாருங்க, அந்த சத்தத்துல அலாரமே தேவைப்படல. வாந்தி மயக்கம் வருமோன்னு பயம் இருந்தா கப்பலோட நடுப்பகுதி, கீழ் டெக், அங்கதான் ஆட்டம் கம்மி. முன்பக்கமும் மேல் டெக்கும் நல்லாவே ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க கப்பல்ல ரெக்கை மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கு, ஆனா முன்னும் பின்னும் தூக்கிப் போடறதுக்கு அது பெருசா உதவாது. ஜன்னல் இல்லாத உள் கேபின் எடுத்திருந்தா வருத்தப்படாதீங்க, தூங்க அதை விட நல்ல இடம் கிடையாது, கும்மிருட்டு. காலைல விடிஞ்சுதான்னு தெரிய நிறைய கப்பல் டிவில கப்பல் முன்பக்க கேமரா சேனல் ஒண்ணு இருக்கும், சத்தத்தைக் குறைச்சுட்டு அதைப் போட்டு விட்டுடுங்க, ராத்திரி இருட்டாவே இருக்கும், விடிய விடிய தானா வெளிச்சம் வரும்.

விமானத்துல போய் கப்பல் ஏறணும்னா முந்தின நாளே அந்த ஊருக்குப் போயிடுங்க. ஃபிளைட் லேட்டுன்னு கப்பல் நிக்காது. ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு பாத்து இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

ஏறுற நாள்ல பெரிய பெட்டியை அவங்க கிட்ட குடுத்துட்டா அது கேபினுக்கு வர சாயங்காலம் கூட ஆகும். அதனால கைப்பைல மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், நீச்சல் டிரஸ் வச்சுக்கோங்க. எல்லாரும் ஏறின உடனே சாப்பிட பஃபேக்கு ஓடுவாங்க, அங்க தட்டை வச்சுகிட்டு உக்கார இடம் தேடி அலையணும். நிறைய கப்பல்ல அன்னிக்கு மதியம் மெயின் டைனிங் ரூமும் திறந்திருக்கும், அது தெரியாம பாதிப்பேர் போறதில்ல, கேட்டுப் பாருங்க. இல்லன்னா நேரா நீச்சல் குளத்துக்குப் போங்க, எல்லாரும் சாப்பிட்டுகிட்டு இருக்கிற அந்த ஒரு மணி நேரம் குளம் காலியா இருக்கும், உங்ககிட்டதான் கைப்பைல டிரஸ் இருக்கே. ஷோ, ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட் எல்லாம் கப்பல் கம்பெனியோட ஆப்ல முன்கூட்டியே புக் பண்ற வசதி இருந்தா வீட்ல இருந்தே பண்ணிடுங்க, ஏறினப்புறம் பாத்துக்கலாம்னா ராத்திரி 10 மணி ஸ்லாட்தான் மிஞ்சும்.

அன்னிக்கே மஸ்டர் டிரில்னு ஒண்ணு இருக்கும், ஆபத்து வந்தா எங்க போய் நிக்கணும்னு காட்டுவாங்க. இதை மட்டும் அலட்சியம் பண்ணாதீங்க. 2012 ஜனவரில இத்தாலில ஜீலியோ தீவு பக்கத்துல கோஸ்டா கான்கார்டியாங்கிற குரூஸ் கப்பல் பாறைல மோதிச்சே, 32 பேர் இறந்தாங்க, அன்னிக்கு சாயங்காலம் ஏறின நூத்துக்கணக்கான பேருக்கு அந்த டிரில்லே இன்னும் நடக்கல. அப்ப இருந்த விதிப்படி ஏறி 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினாப் போதும். அதுக்கப்புறம் விதியை மாத்தி, 2015ல இருந்து கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியே ஆகணும்னு ஆச்சு. இப்ப நிறைய கப்பல்ல வீடியோவை போன்லயே பாத்துட்டு உங்களுக்குக் குறிச்ச இடத்துக்குப் போய் கேபின் கார்டைக் காட்டிட்டு வந்தாப் போதும், பத்து நிமிஷ வேலை. ஏழு சின்ன ஊதல், அதுக்கு அப்புறம் ஒரு நீளமான ஊதல் கேட்டா நிஜமாவே போகணும்னு அர்த்தம், குழந்தைங்களுக்கும் சொல்லி வைங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். கரைல நிக்காம கடல்லயே போற நாள்ல காலைல 10 மணிக்கெல்லாம் நீச்சல் குளம் பக்கம் கால் வைக்க முடியாது, நாற்காலில துண்டைப் போட்டு இடம் பிடிச்சுட்டு ஆளு எங்கயோ போயிருப்பாங்க. போர்ட்ல நிக்கற நாள்ல அதே இடம் வெறிச்சோடிக் கிடக்கும், வாட்டர் ஸ்லைடுக்கு வரிசை இருக்காது, ஸ்பால கூட அன்னிக்கு விலை குறைச்சுப் போடுவாங்க. அதனால ஏற்கனவே பாத்த ஊரோ, பெருசா ஆசை இல்லாத ஊரோ வந்தா இறங்காம கப்பல்லயே இருந்து பாருங்க. ஒவ்வொரு ஊர்லயும் இறங்கியே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்ல. என் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கவே மாட்டார், காசு குடுத்து வந்துட்டு கப்பல்லயே உக்காரவான்னு கேப்பார், மூணாவது தடவைதான் ஒரு நாள் உக்காந்து பாத்தார், இப்ப அவர்தான் எந்த ஊர்ல இறங்காம இருக்கலாம்னு லிஸ்ட் போடறார். அதே மாதிரி கடல்ல போற நாள்ல விடியக்காலைல எழுந்து நடைபாதை டெக்ல நடங்க, ஆளே இருக்க மாட்டாங்க, அந்த நேரத்துல கடலைப் பாக்கிறதுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போறேன்னு கூட சொல்லலாம்.

இறங்கறதா இருந்தா முதல்ல போர்ட் எங்க இருக்குன்னு மேப்ல பாருங்க. பிரோஷர்ல ரோம்னு போட்டிருக்கும், கப்பல் நிக்கறது சிவிதாவெக்கியால, அங்கிருந்து ரோம் சுமாரா 80 கிலோமீட்டர். பாரிஸ்னு போட்டா லே ஹாவ்ர், ரோட்ல போனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல. பெர்லின்னு போட்டா வார்னமுண்டே, அது இன்னும் தூரம். பாங்காக்குன்னா பெரும்பாலும் லேம் சபாங். காலைல 8 மணிக்கு நின்னு சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பற கப்பல்ல போக வர அஞ்சு மணி நேரம் போச்சுன்னா ஊரைப் பாக்க எவ்வளவு மிச்சம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. சில நேரம் அந்த போர்ட் ஊரையே சுத்திப் பாக்கறது நல்லா இருக்கும். சான்டோரினி, கிராண்ட் கேமன் மாதிரி இடத்துல கப்பல் கரைக்கு வராம கொஞ்சம் தள்ளி கடல்லயே நிக்கும், சின்ன படகுலதான் கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, டெண்டர்னு சொல்வாங்க, அதுக்கு டோக்கன் முறை. கூட்டத்துல அடிபட வேண்டாம்னா நிதானமா சாப்பிட்டுட்டு முக்கால்வாசிப் பேர் போனப்புறம் போங்க, அப்ப டோக்கனே கேக்க மாட்டாங்க. ஆனா சீக்கிரமே பாத்தாகணும்னு இருந்தா முதல் படகு, நடுவுல போறதுதான் மோசம்.

கப்பல் நடத்துற டூர்ல போறதா, நாமளே போறதான்னு எல்லாரும் கேப்பாங்க. போர்ட் பக்கத்துலயே ஊர் இருந்தா நாமளே போறதுதான் மலிவு, கூட்டமும் கிடையாது. தூரமா போறதா இருந்தா கப்பல் டூர் எடுங்க, ஏன்னா அவங்க பஸ் லேட்டானா கப்பல் காத்திருக்கும், இல்லன்னா அடுத்த போர்ட்டுக்கு அவங்க செலவுலயே கொண்டு சேர்ப்பாங்க. நம்ம டாக்ஸி லேட்டானா அது நம்ம பாடு.

இதுல நான் பட்டதைச் சொல்லியே ஆகணும். கப்பலுக்குன்னு ஒரு நேரம் இருக்கு, கரைல இருக்கிற ஊருக்கு வேற நேரம் இருக்கலாம். எங்க ரெண்டாவது குரூஸ்ல ஒரு ஊர்ல இறங்கினோம், போன் அந்த ஊர் டவரைப் பிடிச்சு தானா ஒரு மணி நேரம் பின்னாடி போயிடுச்சு, நாங்க கவனிக்கல. 4:30க்குள்ள எல்லாரும் கப்பல்ல இருக்கணும். போன்ல 3:20, ஆகா நிறைய நேரம் இருக்கேன்னு ஒரு கடைல உக்காந்து காபி குடிச்சுகிட்டு இருக்கோம், பக்கத்துல எங்க கப்பல் ஆளு ஒருத்தரையும் காணோம். எங்க அத்தை பழைய கைக்கடிகாரம் கட்டியிருந்தாங்க, அதை யாரும் மாத்தல, ஏம்மா மணி 4:20 ஆச்சே, இன்னும் உக்காந்திருக்கோமேன்னு கேட்டாங்க. அப்ப ஓடின ஓட்டம் இருக்கே, மேல் டெக்ல நின்னவங்க எல்லாம் கைதட்டி வேடிக்கை பாத்தாங்க, ஏறின ரெண்டாவது நிமிஷம் படியை எடுத்துட்டாங்க. அன்னில இருந்து குரூஸ்னா எல்லார் கைலயும் சாதா வாட்ச், கப்பல் நேரத்துக்கு வச்சுட்டு தொடக் கூடாது. தினமும் கேபினுக்கு வர பேப்பர்லயோ ஆப்லயோ அந்த ஊர் போர்ட் ஏஜென்ட், அதாவது கரைல கப்பல் கம்பெனிக்காக வேலை பாக்கறவரோட நம்பர் இருக்கும், இறங்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பாஸ்போர்ட் காப்பியும் கூடவே.

போன்னு சொன்னதும் ஞாபகம் வருது, கப்பல் கிளம்பினதும் ஏரோபிளேன் மோடுல போட்டுடுங்க. இல்லன்னா கடல்ல கப்பலோட சொந்த நெட்வொர்க்கை அது பிடிச்சுக்கும், ரோமிங் பில் எகிறிடும். வைஃபை வேணும்னா பெரும்பாலும் தனியா வாங்கணும்.

காசு விஷயத்துல டிக்கெட் விலையோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. நிறைய கம்பெனில ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு டிப்ஸ் தானா உங்க கணக்குல ஏறும், குழந்தைங்களுக்கும் சேர்த்து. அதை முதல்லயே பட்ஜெட்ல சேர்த்துடுங்க. டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை குடிச்சா அந்தக் காசு தேறும்னு உக்காந்து கணக்குப் போடுங்க, போர்ட் நாள்ல பாதி நாள் வெளியதான் இருப்பீங்க. பல கம்பெனில ஒரு கேபின்ல ஒருத்தர் வாங்கினா கூட இருக்கிற பெரியவங்களும் வாங்கணும்னு இருக்கு, அதையும் பாருங்க. கப்பல் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு குடுக்காதீங்க, அவங்க முன்கூட்டியே ஒரு தொகையை பிடிச்சு வைப்பாங்க, ஊர்ல இறங்கி காசு எடுக்கலாம்னு பாத்தா பேங்க் கணக்குல இருக்காது. கப்பல்ல பரிந்துரைக்கிற நகைக்கடைங்க விளம்பரத்துக்குக் காசு குடுத்து அந்த லிஸ்ட்ல இருக்கிறவங்க, அது தெரிஞ்சு வாங்கினா சரி. இன்சூரன்ஸ் மட்டும் எடுத்துடுங்க, கப்பல் டாக்டர் பில்லே பயமா இருக்கும், ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போற நிலைமை வந்தா சொல்லவே வேண்டாம்.

வாந்தி மாத்திரையை ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போடணும், வந்தப்புறம் போட்டா பாதி பிரயோஜனம்தான். எதுன்னு உங்க டாக்டர் கிட்ட கேட்டுக்கோங்க. தலை சுத்தினா கேபின்ல படுக்காம மேல வந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாருங்க, போனை மட்டும் பாக்காதீங்க. வயித்துப்போக்கு கிருமி நோரோவைரஸ்னு ஒண்ணு கப்பல்ல வேகமா பரவும், அதுக்கு சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்புப் போட்டு கை கழுவறதுதான். பஃபே வாசல்ல சானிடைசர் தேய்ச்சுட்டு உள்ள போறவங்கள்ல நானும் ஒருத்தியாதான் இருந்தேன்.

சின்ன சாமான் ரெண்டு சொல்றேன். காந்தம் வச்ச கொக்கி நாலு எடுத்துட்டுப் போங்க, கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடுதான், ஈர டிரஸ், தொப்பி எல்லாம் மாட்டலாம். சர்ஜ் புரொடெக்டர் வச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அயர்ன் பாக்ஸும் கொண்டு போகாதீங்க, பிடுங்கி வச்சுடுவாங்க.

கடைசி நாளுக்கு முந்தின நாளே ஆப்ல பில்லைப் பாத்து தப்பு ஏதாவது இருந்தா கேட்டுடுங்க, கடைசி நாள் காலைல கவுன்ட்டர்ல நிக்கற வரிசை கப்பல்ல இருந்து இறங்கற வழி வரைக்கும் வரும். கடைசி ராத்திரி பெட்டியை டேக் மாட்டி வெளிய வைக்கச் சொல்வாங்க, அதை வச்சுட்டா மறுநாள் கரைலதான் திரும்பக் கிடைக்கும். என் வீட்டுக்காரர் சுறுசுறுப்பா எல்லாத்தையும் மடிச்சு வச்சு வெளிய தள்ளிட்டார், காலைல பாத்தா ஷூவும் அதுக்குள்ளயே போயிடுச்சு, பாத்ரூம் செருப்போடதான் இமிகிரேஷன்ல நின்னார். இப்ப எங்க வீட்டுப் பழக்கம் என்னன்னா கடைசி ராத்திரி அவரோட ஒரு ஷூவை கேபின் லாக்கர்ல பாஸ்போர்ட்டோட சேர்த்து வச்சுப் பூட்டிடுவேன், ஷூவைத் தேடும்போது பாஸ்போர்ட்டும் தானா கைக்கு வந்துடும்.