வெள்ளிக் கரண்டிப் பெட்டி: வெளியே பழைய மாதிரி, உள்ளே வேறு

கேள்வி: புதுச்சேரியில் எங்கள் வீட்டில் பாட்டி காலத்து வெள்ளி ஸ்பூன், ஃபோர்க், கத்தி இருக்கின்றன. பழைய பெட்டி செல்லரித்துவிட்டதால், அதே மாதிரி தேக்கில் ஆசாரியிடம் செய்து, உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டினோம். சில மாதங்களில் எல்லாம் கறுத்துவிட்டன. கடற்காற்றுதான் காரணமா?

பதில்: மூடிய பெட்டிக்குள் இவ்வளவு சீக்கிரம் கறுத்தால், காற்றைவிடத் துணியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். கம்பளியின் புரதத்திலேயே கந்தகம் உண்டு. ரப்பர் பசையில் ஒட்டியிருந்தால் அதிலிருந்தும் வரும். நம் ஊர்ப் புழுக்கம் இதை வேகப்படுத்தும். பழைய பெட்டிகளிலும் கம்பளிதான் இருந்தது. ஆனால் அவை வெள்ளியை அடிக்கடி துலக்க ஆள் இருந்த வீடுகள். எனவே வெளித்தோற்றத்தை அப்படியே எடுங்கள், உள்பக்கத்தை எடுக்காதீர்கள்.

பெட்டி நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு உள்பக்கத்தை மட்டும் மாற்றலாம். புதிதாகச் செய்வதென்றால், இடித்த வீட்டுத் தேக்கு நன்கு உலர்ந்திருக்கும். பக்கங்களுக்கு 12 மி.மீ. கனம் போதும். உள்நீளம், மிக நீளமான கரண்டியைவிட 20 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். அடிப்பலகையையும் மூடிப்பலகையையும், பக்கப் பலகைகளில் வெட்டிய காடியில் (நீளப் பள்ளத்தில்) பசையில்லாமல் செருகுங்கள். ஒட்டிவிட்டால் மழைக்காலத்தில் பலகை ஊதி மூட்டைத் திறந்துவிடும், கோடையில் சுருங்கிப் பிளக்கும்.

ஆறு பக்கமும் மூடிய ஒரே பெட்டியாகச் செய்து, பிறகு மூடியை அறுத்துப் பிரித்தால்தான் மர ரேகை தொடர்ந்து ஓடும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ரம்பம் 3 மி.மீ. தின்னும், இழைப்புளி 1 மி.மீ. எடுக்கும். அறுக்கும் இடத்தில் வரும் டவ்டெயில் பல்லை (மூலை மூட்டில் புறா வால்போல் விரியும் பல்) முன்பே 4 மி.மீ. கூடுதல் அகலமாக வெட்டாவிட்டால், மூடியும் பெட்டியும் சேருமிடத்தில் அரைப்பல் நிற்கும்.

கீலும் திருகும் பித்தளையில் போடுங்கள். தேக்கில் நேராக முறுக்கினால் பித்தளைத் திருகின் தலை ஒடியும். துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை ஏற்றிக் கழற்றிவிட்டு, மெழுகு தடவிப் பித்தளையைப் போடுங்கள்.

பிரெஞ்ச் பாலிஷை, அதாவது அரக்குப் பாலிஷை, ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். ஈரம் உள்ளே மாட்டி வெள்ளை பூக்கும். உள்பக்கத்துக்கும் அரக்குப் பாலிஷ் மட்டுமே. மெலமைன் பாலிஷ் வேண்டாம், அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கும். வாசனை முழுவதும் போகும்வரை, சில வாரங்கள் திறந்தே வையுங்கள்.

உள்ளே விரிக்க, வெள்ளி கறுக்காமல் தடுக்கும், வெள்ளித் துகள் கலந்த துணி சிறந்தது. அது கிடைக்காவிட்டால் சாயமிடாத பருத்தியைத் துவைத்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். கறுப்புப் பருத்தி வெல்வெட்டைத் தவிர்க்கவும், அதில் கந்தகச் சாயம் இருக்கக்கூடும். துணியை மெல்லிய தேக்குப் பட்டையில் சுற்றி, பசையில்லாமல் பெட்டிக்குள் அழுத்திச் செருகினால் பின்னால் மாற்றலாம்.

எந்தத் துணியானாலும் முதலில் சோதியுங்கள். இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் துலக்கிய கொலுசுத் துண்டும் நனைத்த பஞ்சும் போட்டு, ஒன்றில் மட்டும் துணியை வையுங்கள். வெள்ளி பஞ்சைத் தொடக்கூடாது. இறுக மூடி ஒரு மாதம் வெதுவெதுப்பான இடத்தில் விடுங்கள். துணி உள்ள பாட்டிலில் மட்டும் கறுத்தால் அந்தத் துணி ஆகாது.

கழுவியதும் நன்கு துடைத்து உலர்த்தி வையுங்கள். பெட்டிக்குள் 50 கிராம் சிலிக்கா ஜெல் போடலாம், நிறம் மாறினால் சூடேற்றி உலர்த்தவும். கரண்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். கட்டிய இடத்தில் விழும் கறுப்புக் கோடு லேசில் போகாது.