மூன்றாவது நீட்டா, கடக்வாஸ்லாவா?

அய்யா,

போன வாரம் நீங்களும் உங்கள் மச்சானும் மகளின் மேற்படிப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். நான் ராணுவ அகாடமியைப் பற்றிச் சொன்னதும் பாப்பா கேட்டது ஒரே கேள்வி: "அங்க குதிரை ஏறக் கத்துத் தருவாங்களா சார்?" நீட் மார்க்கைச் சொன்னபோதெல்லாம் தரையைப் பார்த்திருந்தவள், இதைக் கேட்கத்தான் நிமிர்ந்தாள். கற்றுத் தருவார்கள்.

"கவலைப்படாதீங்க" என்று அன்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மூன்றாவது நீட் வேண்டாம். கோச்சிங்குக்கு இன்னொரு ஒன்றேகால் லட்சம், அதற்கு நகை அடகு, அதுவும் தவறினால் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்று கணக்குப் போடும் மச்சானா வட்டி கட்டப்போகிறார்?

புனே பக்கத்துக் கடக்வாஸ்லாவில் இருக்கும், முப்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறது. கணிதம் 300 மார்க், ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்த பொதுத் திறன் தாள் 600. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அங்கே மூன்று வருடம், பிறகு ராணுவ அகாடமியில் ஒரு வருடம். பயிற்சிச் செலவு அரசுடையது, கையில் பட்டமும் வந்துவிடும். "பொம்பளைப் புள்ளைக்குப் பட்டாளமா?" என்ற மச்சானுக்கு: 2025 மே மாதத்திலேயே அங்கே முதல் பெண்கள் அணி, 17 பேர், பயிற்சி முடித்து வெளியே வந்தாயிற்று.

எழுத்துத் தேர்வைத் தாண்டினால் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. ஒரு சொல்லைக் காட்டி 15 விநாடி தருவார்கள், மனசில் பட்டதை எழுத வேண்டும். இப்படி 60 சொல். படம் காட்டிக் கதை எழுதச் சொல்லும்போது கடைசியாக வெறும் வெள்ளை அட்டையைக் காட்டுவார்கள். பிறகு பலகை, கயிறு, டிரம் கொடுத்துத் தடையைக் குழுவாகக் கடக்கச் சொல்வார்கள். பள்ளி என்.சி.சி.யில் அணிவகுப்பை நடத்தியவளுக்கு இது அந்நியமில்லை.

"ஜெனரல் ஆவாளா?" என்றீர்கள். லெப்டினன்ட் கர்னல் வரை சர்வீஸ் வருடத்தை வைத்தே பதவி வரும். கர்னலிலிருந்து தேர்வுக் குழு, பலர் அங்கேயே வடிகட்டப்படுவார்கள். பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60 வயதில் ஓய்வு. அதனால் சின்ன வயதில் நுழைந்தவருக்குத்தான் ஏற நேரம் மிஞ்சும். 2000 முதல் 2002 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த எஸ். பத்மநாபன் இந்தக் கடக்வாஸ்லாவில் பயின்றவர்தான்.

உறுதி எதுவும் தரமாட்டேன். ராணுவப் பிரிவின் 208 இடத்தில் பெண்களுக்குப் பத்துதான். ஆனால் பயிற்சி தொடங்கும்போது பத்தொன்பதரை வயதைத் தாண்டக்கூடாது. மார்ச்சில் 18 முடித்தவளுக்கு வரும் செப்டம்பர் தேர்வுதான் கடைசி. நீட் அடுத்த வருடமும் இருக்கும், இது இருக்காது. கூடவே உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி.க்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

படிவத்தை அவளே உட்கார்ந்து நிரப்பட்டும். அந்த நேரம் மச்சான் பக்கத்தில் வேண்டாம்.