300 மீட்டர்கூட உயரமில்லாத குன்றுகள், 20 கிலோமீட்டர் திறந்தவெளிப் பாதை: ஒரே நாளில் நடந்து முடிக்க முடியுமா? என்ன தயாரிப்பு வேண்டும்?

முடியும். ஆனால் "300 மீட்டர்தானே, இதெல்லாம் ஒரு மலையா" என்ற நினைப்போடு கிளம்பினால் பிற்பகலில் கால் பின்னத் தொடங்கிவிடும்.

மேடும் பள்ளமுமாக அலையடிக்கும் நிலத்தில் உச்சியின் உயரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி என்று அன்று முழுவதும் ஏறிய ஏற்றங்களைக் கூட்டினால் வருவதுதான் கால் உணரும் உயரம். தென் இங்கிலாந்தில் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை போகும் சௌத் டவுன்ஸ் வே இதற்கு நல்ல உதாரணம். 160 கிலோமீட்டர் நீளம். அதன் மிக உயரமான இடமான பட்சர் ஹில் சுமார் 270 மீட்டர்தான். ஆனால் முழுப் பாதையையும் நடந்தவர் மொத்தமாக 3,500 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பார்.

உங்கள் பாதையின் மொத்த ஏற்றத்தை வரைபடத்திலேயே எண்ணிவிடலாம். 1:25,000 அளவிலான வரைபடம் என்றால் 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர். பாதை மேல்நோக்கிக் கடக்கும் சம உயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) மட்டும் எண்ணி, கோடுகளுக்கு இடையிலான உயரத்தால் (பெரும்பாலும் 5 அல்லது 10 மீட்டர், ஓரத்தில் போட்டிருக்கும்) பெருக்குங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: 10 மீட்டர் கோட்டு வரைபடத்தில் எட்டு மீட்டர் பள்ளம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். இத்தகைய நிலத்தில் அப்படிப்பட்ட சின்னப் பள்ளங்கள்தான் அதிகம். அதனால் வந்த விடையோடு பத்து சதவீதமாவது சேர்த்துக்கொள்வேன்.

நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் போதும். மெட்ரிக்கில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஏறும்போது கடக்கும் ஒவ்வொரு 10 மீட்டர் கோட்டுக்கும் ஒரு நிமிடம் என்று வைத்தால் மனக்கணக்காகவே வந்துவிடும். ஆனால் இது பழகிய கால்களுக்கான கணக்கு, ஓய்வு சேராதது. புதியவர் என்றால் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று போடுங்கள். 20 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், மொத்த ஏற்றம் 700 மீட்டர் என்று வைத்தால் அதற்கு 1 மணி 10 நிமிடம், ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் 1 மணி 20 நிமிடம். ஆக ஏழரை மணி நேரம். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடியும்படி பின்னோக்கி எண்ணிக் கிளம்பும் நேரத்தை வையுங்கள். கூட்டமாகப் போனால் மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகம். இறக்கத்தில் நேரம் மிச்சமாகும் என்று நம்ப வேண்டாம். மென்சரிவில் கொஞ்சம் மிச்சமாகும். 12 டிகிரிக்கு மேல் செங்குத்தானால் ஒவ்வொரு 300 மீட்டர் இறக்கமும் பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்கும்.

அடுத்தது வழி. காட்டுப் பாதையில் இருபுறமும் மரம் நின்று உங்களைத் தடத்திலேயே வைத்திருக்கும். புல்வெளியில் அந்தக் காவல் கிடையாது. மேய்ச்சல் நிலத்தில் நன்றாகத் தேய்ந்த தடங்கள் பல இருக்கும், அவற்றில் பாதி ஆடுகள் போட்டவை. ஆட்டுத் தடம் குறுகலானது. சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் ஓடும், கீழேயும் மேலேயும் படிக்கட்டுபோல அதே மாதிரி இன்னும் நாலைந்து தடங்கள் தெரியும், பிறகு ஒரு நிழலிலோ தண்ணீர்த் தொட்டியிலோ கரைந்துபோகும். மனிதர் நடந்த பாதை வேலியில் உள்ள திறப்பையோ கேட்டையோ நோக்கிப் போகும். சந்தேகம் வந்தால் தடத்தைப் பார்க்காதீர்கள். நிமிர்ந்து, எதிர்வேலியில் திறப்பு எங்கே என்று தேடுங்கள்.

குன்றின் வடிவமும் ஏமாற்றும். வரைபடத்தில் சம உயரக் கோடுகள் அடியில் நெருங்கியும் மேலே விலகியும் இருந்தால் குன்று கவிழ்த்த கிண்ணம் போன்றது. கீழிருந்து பார்த்தால் உச்சி என்று தெரிவது உச்சி அல்ல, வளைவின் விளிம்பு. அதைத் தாண்டினால் இன்னொன்று நிற்கும். மேலிருந்து இறங்கும்போதும் சரிவின் அடி தெரியாது, செங்குத்துப் பகுதி திடீரென்று காலடியில் வரும்.

மூடுபனி வந்தால் இந்த நிலத்தில் அடையாளம் என்று எதுவுமே மிஞ்சாது. திசைகாட்டியில் ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் விலகுவீர்கள், ஐந்து டிகிரிக்குக் கிட்டத்தட்ட 90 மீட்டர். அதனால் வேலியிலுள்ள கேட்டை நேராகக் குறிவைக்கக் கூடாது. வேண்டுமென்றே நூறு மீட்டர் இடப்பக்கம் குறிவைத்து நடங்கள். வேலியில் முட்டியதும் கேட் வலப்பக்கம் இருக்கிறது என்பது உறுதி. நேராகக் குறிவைத்துத் தவறவிட்டவருக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. போனில் வரைபடத்தை முன்பே ஆஃப்லைனாக இறக்கி, ஏரோபிளேன் மோடில் வைத்தால் பேட்டரி நாள் முழுவதும் தாங்கும். காகித வரைபடமும் கையில் இருக்கட்டும்.

காலணிக்கு உயரமான கழுத்து கட்டாயமில்லை, அடியில் ஆழமான பற்கள் கட்டாயம். ஈரப்புல், அதுவும் சரிவில் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் புல், பாறையைவிட மோசமாக வழுக்கும். ஈரமான சுண்ணாம்புத் தரை சோப்பு போல. களிமண் வேறு மாதிரி, அடியில் ஒட்டிக்கொண்டு பற்களையே நிரப்பிவிடும். அவ்வப்போது கல்லில் தட்டி உதறுங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்காதபடி கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், நகத்தை முந்தைய நாளே வெட்டுங்கள். குதிகாலில் சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். "அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் அதற்குள் கொப்புளம் வந்திருக்கும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், நல்ல வெயிலில் ஒரு லிட்டர் வரை. நிழலே கிடையாது என்பதை மறக்காதீர்கள். சுண்ணாம்புக் குன்றுகளில் மழைநீர் உள்ளே இறங்கிவிடுவதால் மேலே ஓடையும் இருக்காது. இருந்தாலும் கால்நடை மேயும் இடத்து நீரைச் சுத்திகரிக்காமல் குடிக்கக் கூடாது. முகட்டில் காற்று அடிவாரத்தைவிட வேகமாக வீசும். ஏறும்போது வியர்த்த சட்டையோடு அங்கே உட்கார்ந்தால் கோடையிலும் நடுக்கம் வரும். காற்றுத் தடுப்புச் சட்டையைப் பையின் மேலேயே வையுங்கள், உச்சிக்குச் சில நிமிடம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

இடி விஷயத்தில் மட்டும் பேரம் பேசவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே முகட்டை விட்டு இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மேலே ஏறாதீர்கள்.

கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். திறந்து கிடந்தது என்றால் மாடு தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கலாம். ஏறித்தான் தாண்ட வேண்டும் என்றால் கீல் உள்ள பக்கம் ஏறுங்கள், மறுபக்கம் ஏறினால் கேட் தொங்கிப்போகும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள். நாயின் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். ஆனால் மாடு பாய்ந்து வந்தால் நாயை விட்டுவிடுங்கள். அது ஓடித் தப்பிக்கும், மாட்டின் குறியும் பெரும்பாலும் அதுதான்.

வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தில் சிவப்புத் தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்த தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.