கயா லாலை மட்டும் ஏன் திட்டுகிறோம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எந்த மாநிலத்தில் எம்.எல்.ஏ. கட்சி மாறினாலும் டெல்லிச் சேனல்காரர்கள் ‘ஆயா ராம், கயா ராம்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நிஜமாகவே அப்படி ஒருவர் இருந்தாரா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: இருந்தார். பெயர் கயா லால். ஹரியானாவில் ஹசன்பூர் தனித் தொகுதியிலிருந்து 1967-ல் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். பஞ்சாபிலிருந்து பிரிந்து சில மாதங்களே ஆன மாநிலம், அதற்கு அதுதான் முதல் தேர்தல். 81 இடங்களில் காங்கிரஸ் 48 பிடித்தது, சுயேச்சைகளே 16 பேர் வந்தார்கள். பகவத் தயாள் சர்மா மறுபடியும் முதல்வரானார், ஆனால் ஒரு வாரத்திலேயே ஆட்சி ஆட்டம் கண்டது. சபாநாயகர் தேர்தலில் அரசு நிறுத்திய ஆள் தோற்று, காங்கிரஸுக்குள்ளேயே இருந்த ராவ் பீரேந்தர் சிங் ஜெயித்தார். பத்துப் பன்னிரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள் வெளியே வந்து அவர் பக்கம் சேர, ஆட்சி கவிழ்ந்து, அந்த மாதமே ராவ் முதல்வராகிவிட்டார்.

இந்த இழுபறியில்தான் கயா லால் சிக்கினார். வெற்றி பெற்றதும் காங்கிரஸில் சேர்ந்தவர், அங்கிருந்து ராவின் ஐக்கிய முன்னணிக்குப் போனார், திரும்பக் காங்கிரஸுக்கு வந்தார், வந்த ஒன்பது மணி நேரத்துக்குள் மறுபடியும் முன்னணிக்கே போய்விட்டார். எல்லாம் பதினைந்து நாளுக்குள். ராவ் அவரைச் சண்டிகருக்கு அழைத்து வந்து பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தி, ‘கயா ராம் இப்போது ஆயா ராம்’ என்றார், அதாவது போனவர் வந்துவிட்டார் என்று. அன்று ஒட்டியது அந்தப் பெயர், 2009-ல் அவர் இறந்த பிறகும் போகவில்லை.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. அதே சட்டசபையில் ஐந்து முறை கட்சி மாறியவர் இருந்தார், நான்கு முறை மாறியவர்கள் இருந்தார்கள், அவர்கள் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. இந்தக் கூத்து தாங்காமல்தான் ஆளுநர் சக்கரவர்த்தியின் அறிக்கையின் பேரில் அந்த வருடம் நவம்பரிலேயே சபையைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவந்தார்கள். ஒரு தனித் தொகுதி சுயேச்சையின் பெயர் பழமொழி ஆகிவிட்டது, அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்த பெரிய மனிதர்களுக்கு முன்னாள் முதல்வர் என்ற மரியாதை. இது நியாயமா?

கேள்வி: அப்புறம் அவர் அரசியலை விட்டுவிட்டாரா? (ஒரு வாசகர், ஆம்பூர்)

பதில்: இல்லை. 1972-ல் ஆரிய சபா என்ற கட்சி சார்பில் நின்றார். 1974-ல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் சேர்ந்தார், அந்தக் கட்சி ஜனதாவோடு இணைந்ததால் 1977-ல் ஜனதா வேட்பாளராக அதே ஹசன்பூரில் ஜெயித்தார். ஊர் ஊராகக் கேலி செய்யப்பட்ட ஒருவரைப் பத்து வருடம் கழித்து அவருடைய தொகுதி மக்களே திரும்ப அனுப்பினார்கள், இதை யாரும் சொல்வதில்லை. அவர் மகன் உதய் பான் பின்னாளில் எம்.எல்.ஏ. ஆனார், 2022-ல் ஹரியானா காங்கிரஸ் தலைவராகவும் ஆனார்.

கேள்வி: இப்போதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறதே, கயா லால் செய்ததை இன்று யாராவது செய்ய முடியுமா? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: கயா லால் செய்ததைச் செய்ய முடியாது. அவரைவிடப் பெரிதாகச் செய்யலாம்.

1967 மார்ச்சிலிருந்து ஒரே வருடத்தில் நாடு முழுக்க 438 கட்சித் தாவல்கள் நடந்ததாக அப்போதைய உள்துறை அமைச்சர் ஒய்.பி. சவான் தலைமையிலான குழு கணக்குக் கொடுத்தது. சில மாநிலங்களில் மட்டும் தாவிய 210 பேரில் 116 பேருக்கு மந்திரி பதவி கிடைத்ததாம். அப்படியும் சட்டம் வர 1985 ஆனது. ராஜீவ் காந்தி ஆட்சியில் 52-வது திருத்தம், அதன் வழியாக அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை. அதன்படி சுயேச்சையாக ஜெயித்தவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும். ஆக, கயா லால் முதல் நாளே மாட்டிக்கொள்வார்.

ஆனால் அதே ஹரியானாவில் 1980 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். ஜனதா முதல்வராக இருந்த பஜன் லால், டெல்லியில் இந்திரா காந்தி திரும்ப வந்ததும் தன் கட்சி எம்.எல்.ஏ.க்களில் பெரும்பாலானவர்களைக் கூட்டிக்கொண்டு காங்கிரஸில் சேர்ந்தார், முதல்வர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. சட்டசபையில் ஒரு கட்சிக்கு இருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து போனால் இது இன்றும் ‘இணைப்பு’ என்ற பெயரில் தப்பித்துவிடும். கோவாவில் 2019-ல் காங்கிரஸின் 15 பேரில் 10 பேர் பா.ஜ.க.வுக்குப் போனார்கள், பதவி போகவில்லை. சரி, அடுத்த முறை எச்சரிக்கையாக இருப்போம் என்று 2022 தேர்தலுக்கு முன்னால் காங்கிரஸ் தன் வேட்பாளர்களைக் கோயில், சர்ச், தர்கா என்று கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கியது. ஜெயித்தவர்கள் 11 பேர், செப்டம்பரில் அவர்களில் 8 பேர் பா.ஜ.க.வில். இவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

கேள்வி: தமிழ்நாட்டில் 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களுக்குப் பதவி போனதே, அவர்கள் எந்தக் கட்சிக்குத் தாவினார்கள்? (ஒரு வாசகி, ஆரணி)

பதில்: அப்போது எந்தக் கட்சிக்கும் தாவவில்லை. முதல்வர் எடப்பாடி பழனிசாமி மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அதையே கட்சியை விட்டுத் தானாக விலகியதாக எடுத்துக்கொண்டு 2017 செப்டம்பரில் சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு மாதிரி தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் சபாநாயகர் செய்தது செல்லும் என்றார். அதே 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போட்ட ஓ. பன்னீர்செல்வம் தரப்பு 11 பேருக்கு எதுவும் ஆகவில்லை. கடிதம் கொடுத்தவர்களுக்குப் பதவி போச்சு, எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களுக்குப் போகவில்லை. ஒரே சபை, ஒரே சபாநாயகர். சட்டம் தெரிந்தவர்கள் ஆயிரம் விளக்கம் சொல்லலாம், ஓட்டுப் போட்ட நம்மால் இதை ஏற்க முடியவில்லை.

கேள்வி: என்னதான் செய்யலாம்? (ஒரு வாசகர், செய்யாறு)

பதில்: புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. தகுதி நீக்கத்தைச் சபாநாயகர் கையில் விடாமல், தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி ஆளுநர் அல்லது குடியரசுத் தலைவர் முடிவு செய்யட்டும் என்று 1990-லேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு சொல்லிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்ற ‘பிளவு’ விதிவிலக்கையும், இந்த ‘இணைப்பு’ விதிவிலக்கையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள் என்று 1999-ல் சட்ட ஆணையம் சொன்னது. 2003-ல் திருத்தம் கொண்டுவந்தவர்கள் பிளவை எடுத்தார்கள், இணைப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். மணிப்பூரில் காங்கிரஸில் ஜெயித்த கையோடு பா.ஜ.க. அரசில் மந்திரியான ஒருவர் மேல் கொடுத்த புகாரைச் சபாநாயகர் வருடக்கணக்கில் கிடப்பில் போட்டார். 2020-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இத்தகைய புகார்களைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது, அந்த மந்திரியைச் சபைக்குள் நுழையவும் தடை போட்டது.

உங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ‘கட்சி மாறுவீர்களா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் மாட்டேன் என்றுதான் சொல்வார்கள். இணைப்பு விதிவிலக்கை நீக்க உங்கள் கட்சி சம்மதிக்குமா, அதைத் தேர்தல் அறிக்கையில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள்.