வீட்டுக்குள் சிற்றலை கேட்க எந்த லூப் ஆன்டெனா?

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு சிற்றலை வானொலி கேட்கும் பழைய ஆசை திரும்ப, டெக்சன் பி.எல்.-330 பெட்டியை வாங்கினேன். பெட்டியோடு வந்த ஏரியலை முழுவதும் இழுத்து வைத்தாலும் 'கர்ர்' என்ற இரைச்சலே அதிகம் கேட்கிறது. மொட்டைமாடியில் கம்பி கட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. டெக்சன் ஏ.என்.-200, எம்.எல்.ஏ.-30 பிளஸ், கேங் கண்டன்சர் (பழைய ரேடியோவில் நிலையம் மாற்றத் திருகும் உறுப்பு) வைத்து நாமே செய்துகொள்ளும் லூப் ஆகிய மூன்று வளைய ஆன்டெனாக்களையும் ஆளுக்கொன்றாகப் பரிந்துரைக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: மூன்றில் ஒன்றை இப்போதே விலக்கிவிடலாம். ஏ.என்.-200 நல்ல பொருள்தான். ஆனால் அது மத்திய அலைக்கென்றே செய்யப்பட்டது. அதன் குமிழைத் திருகினால் சென்னை 720 கிலோஹெர்ட்ஸும் பெங்களூரு 612 கிலோஹெர்ட்ஸும் தெளிவாக எழும். 31 மீட்டர், 49 மீட்டர் போன்ற சிற்றலைப் பட்டைகளில் எந்த மாற்றமும் தெரியாது. 'லூப்' என்ற ஒரே சொல்லை நம்பி இதை வாங்கி ஏமாந்தவர்கள் பலர். உங்கள் பெட்டிக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டும் (கம்பி சுற்றிய காந்தப்பொருள் தண்டு) மத்திய அலைக்கானதே. சிற்றலையில் பெட்டி முழுக்க முழுக்க அந்த இழுக்கும் ஏரியலையே நம்பியிருக்கிறது. மத்திய அலையில் பெட்டியைத் திருப்பினால் ஒலி கூடிக் குறைவதும், சிற்றலையில் அப்படித் திருப்பிப் பயன் கிடைக்காததும் இதனால்தான்.

மீதியுள்ள இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு முன், உங்கள் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் போதும். அன்று வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பெட்டியை அதன் பேட்டரியிலேயே வைத்து, 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேற்றுவரை மௌனமாக இருந்த இடங்களில் குரல்கள் கேட்டால், குறை உங்கள் பெட்டியிலும் இல்லை, ஏரியலின் நீளத்திலும் இல்லை. வீட்டையும் தெருவையும் சுற்றியுள்ள மின்கருவிகளில்தான் இருக்கிறது. பின்னர் இன்வெர்ட்டரை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரே நொடியில் குரல்கள் இரைச்சலில் மூழ்கினால் முதல் குற்றவாளி பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

தருமபுரியில் எங்கள் வீட்டில் இப்படித் தேடியபோது, இன்வெர்ட்டர் நிரபராதி என்று தெரிந்தது. ஏரியலை முழுவதும் மடக்கிவிட்டு, 6 மெகாஹெர்ட்ஸ் அருகே நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். கூடத்தில் மெல்லிய சீறலாக இருந்தது, பூஜை அறையின் வாசலில் அரைக்கும் இயந்திரம் போல உறுமியது. சாமி படத்தைச் சுற்றியிருந்த சீரியல் பல்பின் சின்னஞ்சிறு அடாப்டரின் அருகே கொண்டுபோனதும் காது வலிக்கும் அளவுக்கு ஏறியது. நூறு ரூபாய் கூடப் பெறாத அந்த அடாப்டரைக் கழற்றியது, அதற்கு முந்தைய மாதம் நான் வாங்கியிருந்த ஆன்டெனாவை விட அதிகப் பலன் தந்தது. செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், பி.எல்.டி.சி. மின்விசிறி என்று அனைத்தையும் இப்படிச் சோதித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவது நல்லது.

இனி, லூப் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். லூப் வைத்தால் நிலையங்கள் பலமாகக் கேட்கும் என்ற எண்ணத்தோடு வாங்குபவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். ஒரு மீட்டர் வளையம், மொட்டைமாடியில் கட்டிய பத்து மீட்டர் கம்பியை விடக் குறைந்த சமிக்ஞையையே பெரும்பாலும் தரும். அதன் சிறப்பு, வேண்டாததைக் கழிப்பதில் இருக்கிறது. அலைநீளத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதான வளையம், தன் விளிம்பு நோக்கும் இரு திசைகளிலிருந்து வருவதை நன்றாக ஏற்கும். தன் தட்டையான முகம் நோக்கும் இரு திசைகளில் அதன் காது மந்தம். எளிதாகச் சொன்னால், வளையத்தின் துளை வழியாக இன்வெர்ட்டர் உங்கள் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி நிறுத்தினால், அந்தத் திசையிலிருந்து வரும் இரைச்சல் மிகவும் குறையும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயரிங்கும் இரைச்சலைச் சுமந்து பரப்புவதால், கண்ணால் பார்க்கும் கோணமும் காதால் கேட்கும் கோணமும் சில நேரங்களில் பொருந்தாது. காது சொல்வதையே நம்புங்கள். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் தொலைதூர நிலையங்கள் பல்வேறு உயரக் கோணங்களில் வந்து இறங்குவதால், லூப்பைத் திருப்பும்போது அவை அவ்வளவு எளிதில் மறைவதில்லை. ஆகவே நிலையத்தின் திசையைத் தேடி வளையத்தைத் திருப்பாமல், இரைச்சல் குறையும் திசையைத் தேடித் திருப்புங்கள்.

எம்.எல்.ஏ.-30 பிளஸ் போன்றவை ஆம்ப்ளிஃபையர் (சமிக்ஞைப் பெருக்கி) உள்ள அகலப்பட்டை லூப்கள். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் கம்பி வளையமும், அதன் அடியில் ஒரு சிறு ஆம்ப்ளிஃபையரும், யு.எஸ்.பி. வழியாக 5 வோல்ட் மின்சாரம் ஏற்றும் ஒரு பெட்டியும் இதில் உண்டு. மத்திய அலையிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் டியூன் செய்யத் தேவையில்லை என்பது இதன் பெரும் வசதி, கணினியில் எஸ்.டி.ஆர். (மென்பொருள் வழி இயங்கும் வானொலி) வைத்து ஒரே நேரத்தில் ஒரு பட்டை முழுவதையும் பார்ப்பவர்களுக்கு இதுவே ஏற்றது. குறையும் அந்த வசதியிலேயே இருக்கிறது: கேட்க விரும்பும் நிலையத்தோடு சேர்த்து, வானில் உள்ள எல்லா வலுவான நிலையங்களையும் அது பெருக்கிப் பெட்டிக்குள் கொட்டுகிறது. ஓசூரில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெங்களூரு அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், 612 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை நிலையத்தின் கன்னட நிகழ்ச்சி, சிற்றலையில் சம்பந்தமில்லாத இடத்தில் பேய் போல எழலாம். அப்படிக் கேட்டால் அது ஆன்டெனாவின் பெருமை இல்லை, பெட்டி திணறுவதன் அடையாளம். பெட்டியில் அட்டெனுவேட்டர் (சமிக்ஞையைக் குறைக்கும்) வசதி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். பேய்க் குரல் மறைந்து உண்மையான நிலையம் நிற்கும்.

இவ்வகையை வாங்கினால், செல்போன் சார்ஜரில் மட்டும் செருகாதீர்கள். இரைச்சலைக் கழிக்க வாங்கிய ஆன்டெனாவுக்கு, இரைச்சல் உண்டாக்கும் பொருளிலிருந்தே மின்சாரம் கொடுப்பதாக அது முடியும். பவர் பேங்க் பரவாயில்லை; ஆனால் அதற்குள்ளும் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இருப்பதால் ஒன்றிரண்டை மாற்றிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, கேங் கண்டன்சர் வைத்த டியூன் லூப். உங்கள் நிலைமைக்கு நான் முதலில் இதையே செய்து பார்க்கச் சொல்வேன். பழைய வால்வு ரேடியோவில் இருந்த, காற்றிடை கொண்ட கேங் கண்டன்சர் ஒன்று, 4 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரிங் ஒயர் மூன்றேகால் மீட்டர், அரை அங்குல பி.வி.சி. குழாயில் செய்த ஒரு சிலுவைச் சட்டம் இவ்வளவே தேவை. ஒயரை ஒரு மீட்டர் குறுக்களவு வரும்படி ஒரே சுற்றாகச் சட்டத்தில் கட்டி, இரு முனைகளையும் மேலே பொருத்திய கண்டன்சரின் இரு பகுதிகளில் ஒன்றோடு இணைக்க வேண்டும். அந்த வளையத்தின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) 4 மைக்ரோஹென்றிக்குச் சற்றுக் குறைவாக வரும். 365 பைக்கோஃபாரட் கண்டன்சரோடு அது ஏறத்தாழ நாலேகால் மெகாஹெர்ட்ஸிலிருந்து 15 மெகாஹெர்ட்ஸ் வரை ஒத்திசையும், அதாவது அந்த அலைவரிசைகளுக்கு டியூன் ஆகும். மாலையிலும் இரவிலும் கேட்கத் தகுந்த 49, 41, 31, 25 மீட்டர் பட்டைகள் எல்லாம் இதற்குள் அடங்கும். வளையத்தை 60 சென்டிமீட்டராகச் சுருக்கினால் 49 மீட்டர் கைவிட்டுப் போகக்கூடும். அப்போது கண்டன்சரின் இரு பகுதிகளையும் பக்க இணைப்பில் சேர்க்க வேண்டியிருக்கும்.

பெரிய வளையத்துக்கும் பெட்டிக்கும் நேரடி இணைப்பு இல்லை. அதன் ஐந்தில் ஒரு பங்கு குறுக்களவில், அதாவது 20 சென்டிமீட்டரில், இன்னொரு சிறு வளையத்தைச் செய்து, பெரிய வளையத்தின் உள்ளே, கண்டன்சருக்கு நேர் எதிரே அடிப்பக்கத்தில் கட்டுங்கள். அதன் இரு முனைகளையும் மெல்லிய கோஆக்சியல் ஒயர் வழியாக 3.5 மில்லிமீட்டர் பின்னுக்குக் கொண்டுவந்து, பெட்டியின் வெளி ஆன்டெனாத் துளையில் செருக வேண்டும்.

டியூன் செய்வதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெட்டியை முதலில் 7300 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, கண்டன்சரை நகத்தளவு நகத்தளவாகத் திருப்புங்கள். நீண்ட நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரு மயிரிழையில் ஒலி எழும்பி, அதைத் தாண்டியதும் அடங்கிவிடும். அந்த மயிரிழைதான் ஒத்திசைவு. கை அருகே வந்தாலே அது நகரும் என்பதால், தண்டில் நீளமான பிளாஸ்டிக் குமிழ் பொருத்துவது அவசியம். ஐம்பது கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போனாலும் மறுபடி திருப்ப வேண்டும் என்பது இதன் தொல்லை. ஆனால் அந்தக் குறுகலான பாதைதான் பெங்களூருவையும் பக்கத்து நிலையங்களையும் வாசலிலேயே நிறுத்தி, சிறிய பெட்டியைத் திணறாமல் காக்கிறது. மின்சாரமும் வேண்டியதில்லை.

எந்த லூப்பானாலும் வைக்கும் இடம் பாதி வேலையைச் செய்யும். கான்கிரீட்டில் உள்ள இரும்புக் கம்பிகள் அலையைத் தடுப்பதால், சன்னல் ஓரமோ பால்கனியோ நல்லது. சன்னலின் இரும்புக் கிரில்லிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். சிறு கருவி ஒன்றின் அருகில் காந்தப்புலம் தூரத்தின் மும்மடியில் குறைவதால், அடாப்டரிலிருந்து ஒரு மீட்டரில் இருந்த வளையத்தை இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் அதன் தொல்லை எட்டில் ஒன்றாகிவிடும். அத்துடன் இணைப்பு ஒயரைப் பெட்டியின் அருகே ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றினால், ஒயரின் வெளிப்புறம் வழியாக ஊர்ந்து வரும் இரைச்சலும் அடங்கும். பழைய கணினியின் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டியில் கிடைக்கும் மஞ்சளும் வெள்ளையுமான வளையம் இதற்கு உதவாது. அது இரும்புத்தூளில் செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நிலையம் கேட்கவில்லை என்றால், ஆன்டெனாவைச் சந்தேகிப்பதற்கு முன் அட்டவணையைப் பாருங்கள். சிற்றலை நிலையங்களின் அலைவரிசைகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதை எந்த ஆன்டெனாவாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கோடை மழைக் காலத்தில், குறிப்பாக ஏப்ரல், மே மாத மாலைகளில், மின்னலால் பெட்டியில் எழும் 'படபட' இரைச்சலை லூப் வடிகட்டாது. வீட்டுக்குள் இருக்கும் வளையம் மொட்டைமாடிக் கம்பியை விடப் பாதுகாப்பானதுதான். ஆனாலும் பால்கனியில் வைத்திருந்தால், மின்னல் தென்படத் தொடங்கியதும் பெட்டியிலிருந்து பின்னைக் கழற்றிவிட்டு வளையத்தை உள்ளே எடுத்து வையுங்கள்.