ப்ரொஃபைலை மாற்றியும் வேகம் மாறவில்லையே! மைக்ரோடிக் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மைக்ரோடிக் ரவுட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே. கேட்டவர்களில் பெரும்பாலோர் கேபிள் டிவியோடு ஃபைபர் இணையமும் தருகிறவர்கள். பதில்கள் அந்த ரவுட்டரின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7ஆம் பதிப்பை வைத்துச் சொன்னவை. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை எழுதும் திரையில், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வின்பாக்ஸ் என்ற மைக்ரோடிக் மென்பொருளில் மவுஸ் வைத்தே செய்யக் கூடாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் 300 சந்தாதாரர்களை ஒவ்வொருவராகத் திறந்து மாற்றுவதற்குள் விடிந்துவிடும். டெர்மினலில் அது ஒரு வரி.

வில்லியனூர், கேபிள் ஆபரேட்டர்: 50 எம்பி பிளானை 75 ஆக உயர்த்தி, ப்ரொஃபைலில் (பிளானுக்கான பொது அமைப்பு) ரேட்-லிமிட்டை (வேக வரம்பு) மாற்றினேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் 75 வருகிறது. பழைய வாடிக்கையாளர்கள் ஃபோன் செய்து திட்டுகிறார்கள், சார்.

நீங்கள் மாற்றியது சரிதான். அது யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் பிரச்சினை. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறையில் ஒருவர் உள்ளே வரும் நொடியில்தான் ரவுட்டர் ப்ரொஃபைலைப் படிக்கிறது. அப்போதே அவருக்கென்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு தற்காலிக க்யூ உருவாகிவிடும். அதன்பிறகு ப்ரொஃபைலில் நீங்கள் என்ன எழுதினாலும், இணைப்பில் இருப்பவரை அது தொடாது. அவர் ஒருமுறை வெளியே போய்த் திரும்பி வர வேண்டும்.

ஒரே ஒருவர் என்றால் ‘/பிபிபி ஆக்டிவ் ரிமூவ் [ஃபைண்ட் நேம்=அவர்பெயர்]’ போதும். அவர் வீட்டு ரவுட்டர் சில நொடிகளில் தானே மறுபடி டயல் செய்துகொள்ளும். ஒரு பிளானில் உள்ள அத்தனை பேருக்கும் செய்ய வேண்டுமென்றால், இப்போது இணைப்பில் இருப்பவர்களைக் காட்டும் ஆக்டிவ் பட்டியலில் ப்ரொஃபைல் பெயர் இருக்காது என்பதால், எல்லாச் சந்தாதாரர்களின் பதிவும் உள்ள சீக்ரெட் பட்டியலிலிருந்து பெயர்களை எடுக்க வேண்டும்:

:ஃபோர்ஈச் எஸ் இன்=[/பிபிபி சீக்ரெட் ஃபைண்ட் ப்ரொஃபைல்=வீடு50] டூ={/பிபிபி ஆக்டிவ் ரிமூவ் [ஃபைண்ட் நேம்=[/பிபிபி சீக்ரெட் கெட் $எஸ் நேம்]]}

இதை மாலை ஏழு மணிக்கு, சீரியல் நேரத்தில் ஓட்டாதீர்கள். ஷெட்யூலரில் போட்டு விடியற்காலை நான்கு மணிக்கு ஓட விடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர்கள் ரேடியஸ் சர்வரில் (பெயர், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் தனிக் கணினி) இருந்தால் இந்த வரி உதவாது. அதற்கு ‘/ரேடியஸ் இன்கமிங் செட் அக்செப்ட்=யெஸ்’ கொடுத்து 3799 போர்ட்டைச் சர்வருக்கு மட்டும் திறந்து வையுங்கள். சர்வரிலிருந்து புதிய வேகத்தை அனுப்பினால், இணைப்பை அறுக்காமலே அது மாறிவிடும்.

நெல்லிக்குப்பம்: ரேட்-லிமிட்=50எம்/10எம் என்று கொடுத்தேன். வேகச் சோதனையில் டவுன்லோட் 10, அப்லோட் 50 காட்டுகிறது. ரவுட்டர் பழுதா?

ரவுட்டர் தன் பக்கத்திலிருந்து பார்க்கிறது. முதல் எண், அது வாங்கிக்கொள்வது. அதாவது உங்கள் வாடிக்கையாளர் அனுப்புவது. இரண்டாவது எண், அது கொடுப்பது; அதுதான் அவருடைய டவுன்லோட். ‘10எம்/50எம்’ என்று திருப்பிப் போடுங்கள். ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் அதுவே பொருந்தும்.

திருப்பாதிரிப்புலியூர்: என் சொந்த அலுவலகத்துக்கு வேகக் கட்டுப்பாடே வேண்டாம் என்று, ரேட்-லிமிட்டைக் காலியாக விட்டு ஒரு ப்ரொஃபைல் போட்டேன். ஆனாலும் 20 எம்பிக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது.

நல்ல கேள்வி. இது புரிந்துவிட்டால் மற்றப் பாதிக் கேள்விகள் தேவைப்படாது.

ஒரு சந்தாதாரருக்கான அமைப்பு மூன்று இடங்களிலிருந்து திரட்டப்படுகிறது. முதலில் சீக்ரெட், அதாவது அவருடைய தனிப்பட்ட பதிவு. அதில் சொல்லப்பட்டதே முதன்மை. அடுத்து, அந்தச் சீக்ரெட்டில் குறிப்பிட்ட ப்ரொஃபைல். கடைசியாக, பிபிபிஓஇ சர்வரில் டீஃபால்ட்-ப்ரொஃபைல் என்று எதைக் கொடுத்திருக்கிறீர்களோ அது. மேலே இருக்கும் இடத்தில் ஒன்று காலியாக இருந்தால், கீழே இருப்பதிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். நீங்கள் காலியாக விட்டதைக் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று ரவுட்டர் படிக்கவில்லை. ‘கீழே போய்ப் பார்’ என்று படித்திருக்கிறது. சர்வரின் டீஃபால்ட் ப்ரொஃபைலில் 20 எம்பி போட்டிருப்பீர்கள். ‘/இன்டர்ஃபேஸ் பிபிபிஓஇ-சர்வர் சர்வர் பிரிண்ட்’ கொடுத்துப் பாருங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. முகவரியைப் பொறுத்தவரை, குறிப்பாக எழுதிய ஒரு ஐபி எந்த இடத்தில் இருந்தாலும் பூலை, அதாவது ரவுட்டர் எடுத்துக் கொடுக்கும் முகவரித் தொகுப்பை, முந்திக்கொள்ளும். ‘இவருக்கு மட்டும் ஏன் பூலிலிருந்து முகவரி வரவில்லை’ என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தைப் பாருங்கள்.

என் வழக்கத்தைக் கேட்டால், சர்வரின் டீஃபால்ட் ப்ரொஃபைலில் வேகம் எதையும் எழுத மாட்டேன். லோக்கல்-அட்ரஸ், டிஎன்எஸ் போன்று எல்லோருக்கும் பொதுவானவை மட்டும் அங்கே. வேகம் பிளான் ப்ரொஃபைலில். சீக்ரெட்டில் பெயர், கடவுச்சொல், ப்ரொஃபைல் தவிர எதுவும் இல்லாமல் இருப்பதே அழகு. சீக்ரெட்டில் ஆளுக்கு ஒன்றாகச் சலுகை எழுதி வைத்தவர்கள், ஆறு மாதம் கழித்துத் தங்கள் ரவுட்டரையே அடையாளம் தெரியாமல் பார்ப்பார்கள். அப்படிச் சுத்தமாக வைத்திருந்தால், ‘/பிபிபி சீக்ரெட் செட் [ஃபைண்ட் ப்ரொஃபைல்=வீடு50] ப்ரொஃபைல்=வீடு75’ என்று ஒரே வரியில் பிளானையே மாற்றிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. அடைப்புக்குள் நிபந்தனை எதுவும் எழுதாமல் வெறும் ‘[ஃபைண்ட்]’ என்று விட்டால், அது எல்லோரையும் குறிக்கும். ‘ரிமூவ் [ஃபைண்ட்]’ தட்டினால் ஊரே காலி. மாறாக, பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் பிழைச் செய்தி கூடக் காட்டாமல் அமைதியாக இருந்துவிடும். அதனால் ‘செட்’, ‘ரிமூவ்’ எழுதுவதற்கு முன் அதே நிபந்தனையை ‘பிரிண்ட் வேர்’ போட்டு ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலூர் சிப்காட், ஆலை ஒன்றின் கணினிப் பிரிவு: மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடி ஆலை ரவுட்டரில் மாற்றம் செய்தேன். இணைப்பு போய்விட்டது. இரவில் வண்டி எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. இதற்கு வழி உண்டா?

கன்ட்ரோல் எக்ஸ். டெர்மினலில் முதலில் அதை அழுத்துங்கள். சேஃப் மோட் என்று காட்டும். அதன்பின் செய்யும் மாற்றங்கள் எல்லாம் தற்காலிகம். உங்கள் இணைப்பு அறுந்தால் ரவுட்டர் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உடனே திரும்பும் என்று பதறாதீர்கள். இணைப்பு செத்துவிட்டது என்று அது முடிவுக்கு வர ஒன்பது நிமிடம் வரை ஆகலாம். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மறுபடி கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் மாற்றங்கள் நிலைத்துவிடும். கன்ட்ரோல் டி அழுத்தினால் அத்தனையும் ரத்து.

சேஃப் மோடில் நீண்ட ஸ்கிரிப்ட் ஒன்றை ஒட்டாதீர்கள். வரலாற்றில் 100 செயல்கள்தான் தங்கும். அதைத் தாண்டினால் ரவுட்டர் சேஃப் மோடிலிருந்து தானே வெளியே வந்துவிடும், திரும்பப்பெறவும் முடியாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வீட்டிலிருந்து எப்படி உள்ளே போகிறீர்கள்? வின்பாக்ஸின் 8291 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்திருந்தால் இன்றே மூடுங்கள். 2018இல் அந்த வழியாகத்தான் கடவுச்சொற்கள் களவு போய், ஏராளமான ரவுட்டர்கள், தங்கள் வழியாக இணையம் பார்த்தவர்களின் கணினிகளைப் பிறருக்காக கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தன. 6.42.1 பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பழைய பதிப்பிலேயே இன்னும் ஓடுகிற ரவுட்டர்களுக்கு அந்தப் பூட்டு கிடையாது. வயர்கார்ட் என்ற மறையாக்கச் சுரங்க இணைப்பு போட்டுக்கொண்டு அதன் வழியாக மட்டும் உள்ளே போங்கள்.

பாகூர்: பணம் கட்டாதவர்களின் லைனை நிறுத்துகிறேன். ‘நெட் வேலை செய்யவில்லை’ என்று புகார் சொல்கிறார்களே தவிர, பாக்கி இருப்பது நினைவுக்கு வருவதில்லை. ‘பணம் கட்டவும்’ என்ற பக்கம் தானாகத் திறக்க வைக்க முடியுமா?

பாதி முடியும். ‘நிலுவை’ என்று ஒரு ப்ரொஃபைல் போட்டு, அதில் அட்ரஸ்-லிஸ்ட்=நிலுவை என்று எழுதுங்கள். அந்த ப்ரொஃபைலில் வருகிறவரின் முகவரி தானாகவே ஃபயர்வாலின் நிலுவைப் பட்டியலில் சேரும். வெளியே போனால் தானே நீங்கும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களின் 80ஆம் போர்ட் போக்குவரத்தை, அதாவது மறையாக்கம் இல்லாத எச்டிடிபி பக்கங்களை, உங்கள் அறிவிப்புப் பக்கத்துக்குத் திருப்பலாம்.

ஆனால் இன்று கிட்டத்தட்ட எல்லாத் தளமும் மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ். அதைத் திருப்பினால் உங்கள் பக்கம் திறக்காது; சான்றிதழ் எச்சரிக்கைதான் சிவப்பாக வரும். வாடிக்கையாளர் வைரஸ் என்று பயந்துபோவார். ஃபோன்கள் வைஃபையில் சேரும்போது தாமாக ஒரு சாதாரண எச்டிடிபி பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பதால், அதில் சிலருக்கு உங்கள் அறிவிப்பு தெரியும். அவ்வளவுதான்.

நான் என்றால் லைனை அறுக்காமல், நிலுவை ப்ரொஃபைலில் வேகத்தை 512கே ஆக்கிவிடுவேன். யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் யுபிஐயில் பணம் அனுப்ப அது போதும். லைனை முழுதாக நிறுத்திவிட்டு ஆன்லைனில் பணம் கட்டச் சொல்வதில் என்ன நியாயம்? எந்த வழியில் போனாலும் ப்ரொஃபைலை மாற்றியதும் அவரை ஒருமுறை ஆக்டிவ் பட்டியலிலிருந்து இறக்குங்கள், வில்லியனூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

அரியாங்குப்பம்: மாடி வீட்டுக்காரர் கீழ் வீட்டுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இரண்டு வீட்டிலும் ஓட்டுகிறார்.

ப்ரொஃபைலில் ஒன்லி-ஒன்=யெஸ். ஒரு பெயருக்கு ஒரு நேரத்தில் ஒரே இணைப்பு. சீக்ரெட்டில் காலர்-ஐடி என்ற இடத்தில் அவர் ரவுட்டரின் மேக் முகவரியை எழுதிப் பூட்டவும் செய்யலாம். ஆனால் அவர் புது ரவுட்டர் வாங்கும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஃபோன் ஒலிக்கும். ஒரு வைஃபையை இரண்டு வீட்டிலும் பகிர்ந்தால் இவை எதுவும் பிடிக்காது. வேகத்தைத்தானே விற்கிறீர்கள்? அவர் வாங்கிய 50ஐப் பங்கிட்டுக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

பண்ருட்டி: சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றுகின்றன. மற்றவை பறக்கின்றன.

சேஞ்ச்-டிசிபி-எம்எஸ்எஸ்=யெஸ் என்று ப்ரொஃபைலில் இருக்கிறதா பாருங்கள். பொட்டலங்களின் அளவை வழிக்கு ஏற்பக் குறைப்பது அதுதான். ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஇ 8 பைட்டைத் தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. அதற்கு மேற்பட்ட பொட்டலம் வழியில் எங்கோ செத்து, செய்தியும் திரும்பி வராவிட்டால் இப்படித்தான் ஆகும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு அருகில், தங்கும் விடுதி: 14 அறைகள். விருந்தினர்களுக்கும் பிபிபிஓஇ ப்ரொஃபைல்தானா?

வேண்டாம். உலாவியிலேயே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஹாட்ஸ்பாட் போடுங்கள். அங்கேயும் ப்ரொஃபைல் உண்டு. ‘/ஐபி ஹாட்ஸ்பாட் யூசர் ப்ரொஃபைல்’ என்று தனி இடம். ஒரே பெயரில் எத்தனை கருவிகள் இணையலாம் என்ற ஷேர்ட்-யூசர்ஸ் அளவு 1 ஆக இருக்கும். அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு ஃபோன், ஒரு லேப்டாப் என்று கணக்கிட்டு 4 வையுங்கள். ரேட்-லிமிட்டில் எண்களின் வரிசை நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னபடிதான். சனி, ஞாயிறு கூட்டத்தில் ஒருவரே மொத்தத்தையும் உறிஞ்சாமல் இருக்க அது அவசியம்.

கிள்ளை, இறால் பண்ணை: ஃபைபர் அடிக்கடி அறுந்துவிடுகிறது. எல்டிஇ ரவுட்டரில் பிஎஸ்என்எல் சிம்மை மாற்று வழியாக வைத்திருக்கிறேன். ஏரேட்டர் (நீரில் காற்று கலக்கும் கருவி) ஓடுகிறதா என்று கேமராவில் பார்க்க வேண்டும். ஃபைபர் இருந்தால் தெரிகிறது, சிம்முக்கு மாறினால் கேமரா தெரிவதில்லை.

முதலில் ஏபிஎன் (மொபைல் நிறுவனத்தின் இணைய வாசலின் பெயர்) ப்ரொஃபைல்: ‘/இன்டர்ஃபேஸ் எல்டிஇ ஏபிஎன் ஆட் நேம்=பிஎஸ்என்எல் ஏபிஎன்=பிஎஸ்என்எல்நெட்’. பிறகு எல்டிஇ இன்டர்ஃபேஸில் ஏபிஎன்-ப்ரொஃபைல்ஸ்=பிஎஸ்என்எல். இதில் டீஃபால்ட்-ரூட்-டிஸ்டன்ஸ் 2 ஆக இருக்கட்டும், ஃபைபருக்கு 1. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. சிம் வேலை செய்கிறது என்பதால் உங்களுக்கு இந்தப் பகுதி சரியாகவே இருக்கும்.

கேமரா தெரியாததற்குக் காரணம் வேறு. மொபைல் நிறுவனம் உங்களுக்குத் தருவது பெரும்பாலும் பொது ஐபி அல்ல. பலர் பகிரும் ஒரு ஐபிக்குப் பின்னால் இருக்கும் உள்முகவரி. வெளியிலிருந்து அதைத் தட்ட வழியில்லை. போர்ட் ஃபார்வர்ட் எத்தனை எழுதினாலும் வீண். பண்ணை ரவுட்டர்தான் வெளியே கைநீட்ட வேண்டும். பொது ஐபி உள்ள ஓர் இடத்துக்கு, உங்கள் அலுவலகமோ வாடகைச் சர்வரோ, பண்ணையிலிருந்து வயர்கார்ட் சுரங்கம் போடுங்கள். சுரங்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க, பெர்சிஸ்டன்ட்-கீப்அலைவ் 25 நொடி. ஃபைபரோ சிம்மோ, எந்த வழியில் போனாலும் கேமரா அதே உள்முகவரியில் கிடைக்கும்.

கடலூர் முதுநகர்: ஃபெஞ்சல் புயல் மழையில் ரவுட்டர் நீரில் மூழ்கிவிட்டது. பேக்கப் அதற்குள்ளேயே இருந்தது. இனி எப்படி வைப்பது?

2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது உங்களைப் போலப் பலருக்கும் இழப்பு. இரண்டு விதமாக எடுத்து வையுங்கள். ‘/சிஸ்டம் பேக்கப் சேவ்’ தருவது அதே கருவிக்கானது. வேறு மாடலில் ஏற்றினால் தகராறு. ‘/எக்ஸ்போர்ட் ஷோ-சென்சிட்டிவ் ஃபைல்=இன்று’ தருவது படிக்கக்கூடிய உரை. ஷோ-சென்சிட்டிவ் போடாவிட்டால் 7ஆம் பதிப்பில் கடவுச்சொற்கள் விடுபட்டுவிடும். எல்லாச் சந்தாதாரருக்கும் புதுக் கடவுச்சொல் கொடுக்க வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். கடவுச்சொல் உள்ள கோப்பு என்பதால் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைக்காதீர்கள். புது ரவுட்டர் வேறு மாடல் என்றால் இன்டர்ஃபேஸ் பெயர்களைத் திருத்திவிட்டு, பூல், ப்ரொஃபைல், சீக்ரெட் என்ற வரிசையில் ஒட்டுங்கள். பூல் இல்லாமல் ப்ரொஃபைல் ஏறாது.

லாஸ்பேட்டை: யார் எப்போது இணைந்தார் என்ற லாக் எத்தனை நாள் வைக்க வேண்டும்?

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி 180 நாள், அதுவும் இந்தியாவுக்குள். உங்கள் இணைய உரிமத்தில் இதைவிட நீண்ட காலம் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ரவுட்டரின் நினைவக லாக் 1000 வரியோடு நின்றுவிடும், ரீபூட் ஆனால் அதுவும் போய்விடும். ஒரு பழைய கணினியில், லாக்கை வாங்கிச் சேமிக்கும் சிஸ்லாக் சர்வர் போட்டு, ‘/சிஸ்டம் லாக்கிங் ஆட் டாபிக்ஸ்=அக்கவுன்ட் ஆக்‌ஷன்=ரிமோட்’ என்று அங்கே அனுப்புங்கள். ரிமோட் ஆக்‌ஷனில் அந்தக் கணினியின் முகவரியை எழுத மறக்க வேண்டாம். பல மாடல்களில் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது, மின்சாரம் போய் வந்தால் நேரம் பிசகும். அதே உத்தரவு சொல்கிறபடி என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வரை, ரவுட்டரின் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி கிளையன்ட்டில் கொடுத்துவிடுங்கள். நேரம் தவறான லாக்கை நீட்டினால் காவல் நிலையத்தில் வேறொருவர் வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.