டவுட், ப்ளக், ட்ரம்பெட், ப்ரொக்ளெய்ம்: எல்லாம் ஒரே பொருள்தானா?

"அட்வர்டைஸ், ப்ரமோட், ப்ளக், ஹைப், டவுட், ட்ரம்பெட், ப்ரொக்ளெய்ம் என்று எதைத் தேடினாலும் அகராதியில் 'விளம்பரப்படுத்து', 'உரக்கச் சொல்' என்றுதான் இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா?" என்பது கேள்வி. (இந்த டவுட் சந்தேகத்துக்கான டவுட் இல்லை, 'டேபிள்' போல 'டீ' எழுத்தில் தொடங்கும் வேறு சொல்.)

போட்டால் பெரும்பாலும் இலக்கணம் இடிக்காது. ஆனால் சொல்லப்படும் விஷயத்தை நீங்கள் நம்புகிறீர்களா, சிரிக்கிறீர்களா என்பது மாறிப்போகும். காசு கைமாறுகிறதா, எழுதுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற இரண்டையும் பார்த்தால்தான் இந்த வினைகள் தனித்தனியாகப் பிரியும்.

அட்வர்டைஸ் என்பது பெரும்பாலும் காசு கொடுத்து இடம் வாங்கிச் சொல்வது. ப்ரமோட் அதைவிட அகலம். பேட்டி, தள்ளுபடி, சுவரொட்டி எல்லாம் அதில் அடங்கும். இரண்டிலும் எழுதுகிறவரின் அபிப்பிராயம் கிடையாது. ப்ளக் என்றால் வேறு எதையோ பேச வந்த இடத்தில் தன் படத்தையோ கடையையோ நைசாக நுழைப்பது. பேச்சு வழக்குச் சொல், அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது. ஹைப் என்றால் உள்ளதுக்கு மேல் ஊதுவது. "எங்கள் பொருளை நன்றாக ஹைப் செய்யுங்கள்" என்று வாடிக்கையாளர் பார்க்கும் மின்னஞ்சலில் எழுதுவது, சரக்கில் ஒன்றுமில்லை என்று நாமே ஒப்புக்கொள்வது மாதிரி.

நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது டவுட்டில். (ஓசையில் 'அவுட்'டோடு எதுகை.) ஆங்கிலச் செய்தியில் இது 'ஆஸ்' என்ற சொல்லோடு சேர்ந்து வரும். ஒரு புது மோட்டார் பம்ப்பைப் பற்றி நிருபர் "டவுட்டட் ஆஸ் த பெஸ்ட் இன் த மார்க்கெட்" என்று எழுதினால், "சந்தையிலேயே சிறந்தது என்கிறார்கள், எனக்குத் தெரியாதப்பா" என்று பொருள். பொறுப்பேற்காமல் தள்ளி நிற்கும் சொல் அது. அதே வரியைக் கம்பெனியே தன் துண்டறிக்கையில் அச்சடித்தால் தன்னையே நக்கலடித்துக்கொண்ட கதை. அடுத்த கேப்டன் என்று ஒருவரை டவுட் செய்கிறார்கள் என்றால் மட்டும் நக்கல் இல்லை, ஊர்ப் பேச்சு அப்படி இருக்கிறது என்று அர்த்தம். பெயர்ச்சொல்லாக வந்தாலோ நேராகத் தரகர்தான். வக்கீலுக்குக் கட்சிக்காரர் பிடித்துக் கொடுக்கும் ஆளை 1879-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமே இந்தப் பெயரால்தான் குறித்தது.

எண்டார்ஸ் வேறு ஜாதி. லத்தீனில் முதுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. காசோலையின் பின்புறம் கையெழுத்துப் போடுவதும் எண்டார்ஸ்தான், ஒரு பொருளுக்கு நடிகர் முகம் கொடுப்பதும் எண்டார்ஸ்தான். இரண்டிலும் பெயர் மாட்டிக்கொள்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்தில் தோன்றியவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஆகவே வெறுமனே பாராட்டியவரை எண்டார்ஸ் செய்தார் என்று எழுதிவிடாதீர்கள்.

கொள்கை, உரிமை என்று ஒன்றுக்காகக் குரல் கொடுப்பது என்றால் சாம்பியன், அட்வகேட். இடைக்கால ஐரோப்பாவில் வழக்கைச் சண்டை போட்டுத் தீர்த்தபோது, இன்னொருவருக்காக வாளெடுத்தவர்தான் சாம்பியன். அதனால் அந்த வினைக்குப் பின்னால் ஒரு லட்சியமோ ஒடுக்கப்பட்டவர்களோ வரவேண்டும். சோப்புத்தூளை சாம்பியன் செய்தால் சிரிப்பார்கள். அட்வகேட்டுக்குப் பின்னால் கொள்கை வந்தால் 'ஃபார்' வேண்டாம்: "அட்வகேட் ரிஃபார்ம்". ஆட்களுக்காகப் பேசினால் 'ஃபார்' வேண்டும்: "அட்வகேட் ஃபார் ஃபார்மர்ஸ்". வினையில் கடைசி அசை 'கேட்' என்று நீளும். வக்கீலைக் குறிக்கையில் 'கட்' என்று சுருங்கும்.

இனி உரக்கச் சொல்வது. ப்ரொக்ளெய்ம், எக்ஸ்க்ளெய்ம், டிக்ளெய்ம், அக்ளெய்ம் நான்கும் 'கத்து' என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரின் பிள்ளைகள். ப்ரொக்ளெய்ம் என்றால் ஊரறியப் பறைசாற்றுவது, எக்ஸ்க்ளெய்ம் சட்டென்று வாய்விட்டுக் கூவுவது, டிக்ளெய்ம் மேடையில் நீட்டி முழக்குவது (பெரும்பாலும் குத்தல்), அக்ளெய்ம் கொண்டாடுவது. எழுத்துக்கூட்டலில் எல்லாரும் விழும் குழி ஒன்று: வினையில் இருக்கும் 'ஐ' எழுத்து பெயர்ச்சொல்லில் காணாமல் போகும். ப்ரொக்ளமேஷன், எக்ஸ்க்ளமேஷன் இரண்டிலும் 'எல்'லுக்குப் பின் வெறும் 'ஏ'தான். அதே வேரின் க்ளாமர் கூட்டமாகக் கூச்சலிட்டுக் கேட்பது, 'ஃபார்' சேர்த்து. கவர்ச்சிக்கான க்ளாமர் வேறு; அதில் 'சி'க்குப் பதில் 'ஜி'.

ட்ரம்பெட்டுக்குத் தமிழில் அச்சாகப் பொருந்துவது தம்பட்டம் அடிப்பது. அவர்கள் ஊதுகிறார்கள், நாம் தோலைத் தட்டுகிறோம், ஏளனம் ஒன்றுதான். பிரிட்டன்காரர் தன் ட்ரம்பெட்டை ஊதுவார், அமெரிக்கர் தன் ஹார்னை.

ஷவுட்டில் சின்னச் சொல்தான் எல்லாம். "ஷவுட்டட் அட் மீ" என்றால் என்னைத் திட்டிக் கத்தினார். "ஷவுட்டட் டு மீ" என்றால் தூரத்திலிருந்து கேட்கும்படி கத்திச் சொன்னார். மேலதிகாரியைப் பற்றிப் புகார் எழுதும்போது இது மாறினால் வழக்கே மாறிவிடும். ஸ்பீக் அப் என்பது பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டச் சொல்வது. ஸ்பீக் அவுட் என்பது பயப்படாமல் வெளியே சொல்வது. ஃபோனில் குரல் கேட்காதபோது "ஸ்பீக் அவுட்" என்று சொன்னால் எதிர்முனை குழம்பும்.

நாம் தினமும் சொல்லும் 'கேன்வாஸ் பண்ணுவது' உண்மையில் 'கேன்வஸ்', வீடு வீடாகப் போய் ஓட்டோ ஆர்டரோ கேட்பது. கடைசியில் இரண்டு 'எஸ்'. ஒன்றோடு நிறுத்தினால் கூடாரத் துணி.